நாலு பேர் அறை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பேருந்து ஆமத்தூரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல் விரிகிறது. வானம் பார்த்த பூமி. சீமைக்கருவேலம் மண்டிய காட்டுக்குள் ஒன்றையொன்று தொடாமல், நல்ல இடைவெளி விட்டு ஒற்றை அறைக் கட்டடங்கள் நிற்கின்றன. புதிதாக வருபவர்கள் பம்ப்செட் அறைகள் என்று நினைத்துவிடலாம். அவை பட்டாசு ஆலைகள். உள்ளூரில் 'பயர் ஆபீஸ்' என்றால்தான் தெரியும். ஒரு அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது. அந்த இடைவெளி அதற்காகவே.

சிவகாசிக்கு வரும்வரை துப்பாக்கிச் சட்டங்கள் பற்றி எனக்குத் திடமான ஒரு கருத்து இருந்தது. அது வரலாற்றிலிருந்து வந்த கருத்து. 1801 டிசம்பரில் கும்பினி அரசு பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டது. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்துவிட்டு இந்தியனை மட்டும் உரிமம் கேட்டு நிற்கவைத்தது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமைகளில் ஒன்றாக இடம்பெற்றது. எங்கள் தாத்தாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் அறிவித்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். ஒரு குற்றமும் செய்யாத மனிதர் ஏன் இப்படிக் கைகட்டி நிற்க வேண்டும் என்று எனக்குக் கோபமாக வரும். உரிமம் என்பதே ஆள்பவர்கள் ஆளப்படுபவர்கள் மேல் கொண்ட சந்தேகம் என்று நம்பினேன்.

திருத்தங்கல் பக்கம் ஓர் ஆலையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மருந்து அறையின் நிலைப்படி அருகே செம்புத் தகடு ஒன்றைப் பதித்து, அதிலிருந்து மண்ணுக்குள் கம்பி இறக்கியிருந்தார்கள். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அதில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போகிறார்கள். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்பு ஆணிகூடக் கிடையாது. உள்ளே ஓர் அக்கா திரி செருகிக்கொண்டிருந்தார். அலுமினியப் பொடி படிந்து அவர் கைகள் முழங்கைவரை வெள்ளியாக மின்னின. சுவரில் பெரிய எழுத்தில், 'ஆட்கள் 4'.

போர்மேன் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். "ஆர்டர் குவியும்போது இன்னும் ரெண்டு பேர உட்காரவச்சா என்னன்னு தோணாதா?" என்று கேட்டேன்.

"தோணும் தம்பி. ஆனா மருந்துக்கு மொதலாளி, தொழிலாளின்னு ஆள் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது சூடும் உராய்வுந்தான். நாலு பேருன்னு எழுதிப் போட்டிருக்கது அந்த அஞ்சாவது ஆளுக்காக."

அந்தப் பதில் மனதில் தங்கிவிட்டது. நான் சட்டத்தை எப்போதும் உரிமம் வைத்திருப்பவர் பக்கம் நின்றே பார்த்து வந்தேன். அண்ணாச்சி அதை அந்த அறைக்கு வெளியே நிற்கும் ஆளின் பக்கமிருந்து பார்க்கிறார்.

மறுநாள் வெம்பக்கோட்டை வழியாக ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். கட்டபொம்மன் அணியில் நின்ற பாளையங்களில் ஒன்று அது. ஆயுதம் பறிக்கப்பட்ட மண் என்ற பெருமிதத்தோடுதான் பேருந்தைவிட்டு இறங்கினேன். ஆனால் டீக்கடையில் எல்லோரும் பேசியது பக்கத்து அச்சங்குளத்தைப் பற்றி. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே ஓர் ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். உரிமம் ஒருவர் பெயரில். அறைகளோ உள்குத்தகையில் வேறு வேறு ஆட்கள் கையில். அதற்கு முன் 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி. அங்கே 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்தவர்கள். அண்ணாச்சி சொன்ன அஞ்சாவது ஆட்கள் அவர்கள்தான்.

வெடிபொருள் சட்டமும் வெள்ளைக்காரன் போட்டதுதான், 1884இல். ஆனால் 1940 விதிகள் உரிமத்தைக் கட்டாயமாக்கிய பிறகுதான் சிவகாசியில் பட்டாசு ஒரு முறையான தொழிலாக வேர்விட்டது. இன்று மருந்தின் அளவைப் பொறுத்து 'டிஆர்ஓ லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'நாக்பூர் லைசென்ஸ்' என்று தொழிலாளர்களே பிரித்துச் சொல்கிறார்கள். இவர்கள் சட்டம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவர்கள் அல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் விதித்த தடை பற்றிக் கேட்டால், பிழைப்பில் மண் விழுந்தது என்று கொதிக்கிறார்கள். அந்தக் கொதிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் நாலு பேர் விதி வேண்டாம் என்று நான் பேசியவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

துப்பாக்கி பற்றிய என் கருத்து மாறியது இங்கேதான். பட்டாசுத் திரியில் இருப்பது பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், கரி. நாட்டுத் துப்பாக்கிக்குள் இடிக்கும் கருமருந்தும் இதே மூன்றுதான். வைத்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் கோபத்துக்கோ கவனக்குறைவுக்கோ விலை கொடுப்பது பக்கத்தில் இருப்பவர். அந்தப் பக்கத்து ஆளுக்கு அரசு கொடுக்கும் வாக்குறுதியே உரிமம். லிட்டன் பிரபுவின் சட்டத்தில் அந்த வாக்குறுதி இல்லை, இனப் பாகுபாடுதான் இருந்தது. அதை எதிர்த்தவர்கள் எதிர்த்தது சரி. ஆனால் நாமே இயற்றிய 1959 ஆயுதச் சட்டத்தை அதே கண்ணால் பார்ப்பது சரியல்ல. 2016 விதிகள் உரிமம் கேட்பவரிடம் பயிற்சிச் சான்று கேட்பதையும், 2019 திருத்தம் மூன்று துப்பாக்கி வரம்பை இரண்டாகக் குறைத்ததையும் இன்று முழுமனதோடு ஆதரிக்கிறேன். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், ஆஸ்திரேலியா சில வாரங்களுக்குள் சட்டத்தை இறுக்க முடிவெடுத்து, 6 லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றது. அங்கேயும் விவசாயிகள் உரிமை பறிபோகிறது என்றுதான் முதலில் குமுறினார்கள்.

ஆனால் உரிமம் வெறும் காகிதமாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த வட்டாரமே சாட்சி. அச்சங்குளத்திலும் உரிமம் இருந்தது. ஆகவே புதிது புதிதாகச் சட்டம் போடுவதைவிட, இருக்கும் சட்டம் அந்த அறைக்குள் நடக்கிறதா என்று போய்ப் பார்ப்பதே முதல் வேலை. உள்குத்தகை விடுபவரின் உரிமம் அன்றைக்கே ரத்தாக வேண்டும். சோதனைக்கு வருபவர் சுவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போகாமல் உள்ளே இருக்கும் தலைகளை எண்ண வேண்டும். துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் படிவத்தை மட்டும் பார்க்காமல், அந்த வீட்டாரையும் அக்கம்பக்கத்தையும் விசாரிக்க வேண்டும். வெடிக்கும் பொருளை ஒருவர் கையில் ஒப்படைக்கும் அரசு, அவருக்குப் பக்கத்தில் வாழ்பவருக்குத்தான் முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டது.