வலிக்காத காயம்



அந்நிஸா அத்தியாயத்தின் 56ஆம் வசனத்தை நம்மில் பலர் ஜும்ஆ பயான்களில் கேட்டிருப்போம். நரகவாசிகளின் தோல் கருகிப்போகும்போதெல்லாம், அவர்கள் வேதனையை உணர்ந்துகொண்டே இருப்பதற்காக வேறு தோல் மாற்றப்படும் என்ற எச்சரிக்கையைத் தரும் வசனம் அது. தீயின் வேதனையை உணர்வதற்குத் தோல் வேண்டும் என்னும் குறிப்பு அதில் இருக்கிறது. அதற்கு விளக்கம் எழுதும் தகுதி எனக்கு இல்லை. அது ஆலிம்களின் பணி. ஆயினும் அந்தக் குறிப்பின் மறுபக்கத்தை எங்கள் குடும்பம் ஒரு ரமளானில் கண்ணால் கண்டது. தோல் முழுவதும் அழிந்த இடத்தில் வலியும் அழிந்துவிடுகிறது. அதை அறியாதவர்கள், வலிக்காத காயத்தைச் சிறு காயம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் தவறான நினைப்பைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

தோல் என்னும் போர்வை

வளர்ந்த மனிதரின் தோலைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். ஒரு பெரிய தொழுகை விரிப்பை இரண்டு முறை விரித்தாற்போன்ற பரப்பு. நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு அதுவே.

அதில் மூன்று அடுக்குகள் உள்ளன. வெளியே இருப்பது மேல்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதன் அடிவரிசையில் உயிரணுக்கள் ஓயாமல் பிறந்து, மெல்ல மேலேறி, இறந்து தகடுகளாகி உதிர்கின்றன. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் இந்த அடுக்கு பல மடங்கு தடித்திருக்கும். எங்கள் பகுதியிலிருந்து வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். அங்கே உப்புப் பாத்தியில் ஆண்டுக்கணக்கில் வெறுங்காலுடன் நின்றவர்களின் பாதங்களைப் பார்த்தால், இந்த மேல்தோல் எவ்வளவு தூரம் தன்னைத் தடிப்பாக்கிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்க முயல்கிறது என்பது விளங்கும்.

இரண்டாவது, உள்தோல். தோலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரத்தக் குழாய்கள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள், தொடுதலையும் சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள், இவை அனைத்தையும் தாங்கும் கொலாஜன் இழைகள் எல்லாம் இந்த அடுக்கில் உள்ளன. வலியைச் சொல்லும் நுனிகளுள் மெல்லியவை மேல்தோலுக்குள்ளும் சற்று நீண்டிருக்கின்றன. மூன்றாவது, அதற்கும் கீழே உள்ள கொழுப்பு அடுக்கு.

ஒரு ஸஹர் நேரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பத்தைத் தாண்டியதும் வரும் பெரிய முதலியார்சாவடியில் என் மாமியின் வீடு இருக்கிறது. அந்த ரமளானில் நாங்கள் அங்கே தங்கியிருந்தோம். ஸஹர் உணவு முடிந்து, நிய்யத்தும் வைத்தாகிவிட்டது. பேரனுக்குப் பால் காய்ச்ச மாமி அடுக்களைக்குள் போனார். அடுப்புக்குப் பின்னால் இருந்த டப்பாவை எடுக்கக் கை நீட்டியபோது, அவர் அணிந்திருந்த பாலியஸ்டர் நைட்டியின் அகன்ற கை தீயில் பட்டது. பருத்தி எரிந்து சாம்பலாகும். செயற்கை இழையோ உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். மாமா ஒரு கம்பளியைப் போர்த்தி அணைப்பதற்குள், மாமியின் வலக்கை முழுவதும் விலாவின் ஒரு பகுதியும் வெந்துவிட்டன.

குளியலறைக் குழாயைத் திறந்து, நானும் மாமியின் மகளும் கையை நீரில் பிடித்தோம். அண்டை வீட்டுப் பெண்மணி அன்போடு பற்பசையைக் கொண்டு ஓடிவந்தார். இன்னொருவர் இட்லி மாவு போடலாம் என்றார். முன்கையும் விலாவும் சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தன. அங்கே காற்றுப் பட்டாலே மாமி துடித்தார். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெளுத்து, பதனிட்ட தோல்போல விறைத்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து மாமி சொன்னார்: "இங்க வலிக்கவே இல்லமா. அல்ஹம்துலில்லாஹ், இந்த இடத்துல லேசாத்தான் பட்டிருக்கு."

சுற்றி நின்ற எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் அந்த வெளுத்த இடத்தை ஊசி முனையால் மெல்லக் குத்தினார். மாமி அசையவில்லை. கொப்புளம் கிளம்பிய பகுதியைக் காட்டி, "அழ வைக்கும் இந்த இடம் இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும்" என்றார். வெளுத்த இடத்தைக் காட்டி, "வலிக்காத இந்த இடம் தானாக ஆறாது. இதற்கு வேறு தோல் வைக்க வேண்டும்" என்றார்.

தீ எவ்வளவு ஆழம் போகிறது?

அன்று அவர் விளக்கியதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மேல்தோல் மட்டும் பாதிக்கப்பட்டால் தோல் சிவக்கும், எரியும், கொப்புளம் வராது. ஒரு வாரத்தில் உரிந்து ஆறிவிடும். உள்தோலின் மேற்பகுதி வரை சென்றால் கொப்புளம் எழும். அதன் அடியில் ஈரமான, இளஞ்சிவப்பான, தாங்கமுடியாத வலியுள்ள புண் இருக்கும். நரம்பு நுனிகள் உயிரோடு திறந்து கிடப்பதால் அந்த வலி. இந்தப் புண் ஆறுவதற்குக் காரணம் மயிர்க்கால்கள். அவற்றின் சுவர்களில் மேல்தோல் உயிரணுக்கள் ஆழத்தில் பதுங்கியிருக்கின்றன. தீ அவற்றை எட்டாவிட்டால், அங்கிருந்து அவை பரவிப் புதுத் தோலை மூடுகின்றன. உள்தோலின் அடிப்பகுதி வரை சென்றால் உணர்வு மங்கும். ஆற மூன்று வாரத்துக்கு மேலாகும். தழும்பு தடிக்கும், மூட்டுகள் இழுத்துக்கொள்ளும். உள்தோல் முழுவதும் எரிந்துவிட்டால் மயிர்க்கால் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, நரம்பு நுனி இல்லை. அந்த இடம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கருகியோ விறைத்திருக்கும். வலி சொல்ல அங்கே எதுவும் மீதமில்லை.

சூடும் நேரமும் சேர்ந்தே ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. 44 பாகை செல்சியஸில் தோல் சேதமடையச் சில மணி நேரம் ஆகும். 60 பாகையில் ஏறத்தாழ 5 நொடி போதும். 70 பாகையில் ஒரு நொடியே போதும். அடுப்பிலிருந்து இறக்கிய நோன்புக் கஞ்சி இதைவிடச் சூடானது. நீரைப்போல வழிந்தோடாமல் ஒட்டிக்கொண்டும் நிற்கும். குழந்தைகளின் தோலும் முதியோரின் தோலும் மெல்லியவை என்பதால், அவர்களுக்கு இந்த நேரக் கணக்கு இன்னும் குறையும்.

இருபது நிமிட நீர்

1953இல் டக்ளஸ் ஜாக்சன் என்ற ஆங்கில மருத்துவர் தீக்காயத்தில் மூன்று வட்டங்கள் இருப்பதை விளக்கினார். நடுவே இறந்துபோன பகுதி. வெளியே சிவந்து தானே மீளும் பகுதி. இரண்டுக்கும் இடையே, இரத்த ஓட்டம் தேங்கி, உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அடுத்த ஓரிரு நாட்களில் அது மீளவும் கூடும், இறக்கவும் கூடும். நாம் வீட்டில் செய்யும் முதலுதவி இந்த நடுவட்டத்துக்காகத்தான்.

ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுவதே அந்த முதலுதவி. தாமதமாகிவிட்டாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. பனிக்கட்டி கூடாது, அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி நடுவட்டத்தை மேலும் கொல்லும். பற்பசை, பேனா மை, மஞ்சள், மாவு, எண்ணெய் ஆகியவை சூட்டை உள்ளே அடைத்துவைக்கும், கிருமியைக் கொண்டுவரும், மருத்துவர் ஆழத்தைக் கண்டறிய முடியாமல் மறைக்கும். வளையல், மோதிரங்களை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பிறகு தூய துணியால் தளர்வாக மூடி, 108ஐ அழைக்க வேண்டும்.

காயத்தின் பரப்பை அறிய ஒரு எளிய அளவு உண்டு. காயம் பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். ஒரு முழுக் கை 9 சதவீதம். எரிந்த தோலிலிருந்தும் அதன் அடியிலுள்ள குழாய்களிலிருந்தும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு 10 சதவீதமும், பெரியவர்களுக்கு 15 முதல் 20 சதவீதமும் தாண்டினால் சிரை வழியே திரவம் ஏற்றியாக வேண்டும். மாமிக்கு 12 சதவீதம். வயதைக் கருதி அவருக்கும் ஏற்றினார்கள். வாய் வழியாகவும் குடிக்கச் சொன்னார்கள்.

நோன்பும் உளூவும்

மாமி குடிக்க மறுத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ரமளானில் தக்க காரணமின்றி ஒரு நோன்பும் விட்டதில்லை என்றார். மாமா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கொடுத்தார். ஹஜ்ரத் மென்மையாகச் சொன்னார்: "அம்மா, நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று அனுமதி தந்தவன் அல்லாஹ். அவன் கொடுத்த சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள்." மாமி பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தார். கண்ணீரும் கூடவே வழிந்தது.

கட்டுப் போட்ட கையில் நீர் படக் கூடாது என்றால் தொழுகையை விடவேண்டியதில்லை. கட்டின் மேல் ஈரக்கையால் தடவுவது, தயம்மும் செய்வது போன்ற வழிகளை மார்க்கம் வைத்திருக்கிறது. மத்ஹபுகளுக்கிடையே விவரங்களில் வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து, தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி எடுத்து, இறந்த பகுதியை அகற்றிய இடத்தில் ஒட்டினார்கள். அதன்பின் மாமியைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தொடைதான். புதுத்தோல் ஒட்டிய கையில் பெரிய வலி இல்லை. காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். தொடையில் உள்தோலும் நரம்பு நுனிகளும் மீதமிருந்தன. அதனாலேயே அந்தப் புண் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தானே மூடிக்கொண்டது.

வலி ஓர் அமானிதம்

வலி ஓர் எச்சரிக்கை. தீயிலிருந்து நாம் யோசிக்காமலே கையை இழுத்துக்கொள்வது அதனால்தான். அந்த எச்சரிக்கை ஏற்கனவே மங்கிப்போனவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போன நம் அத்தா, அம்மா, மாமா, மாமிதான் அவர்கள். வெந்நீரில் கால் வைத்தால் சுடுவதை அவர்கள் அறியமாட்டார்கள். ஹஜ் பயணத்தில் வெயில் தரையில் செருப்பின்றி நடந்து பாதம் வெந்துபோன சர்க்கரை நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. நீரின் சூட்டை அவர்கள் காலால் பார்க்கக் கூடாது. நரம்பு நன்றாக உள்ள ஒருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். பயணத்தில் அவர்களின் செருப்புக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

வலியை முழுதாக உணர்ந்தும் விலகிப்போக முடியாதவர்களையும் நம் சமுதாயம் மறந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. தர்கா நகரத்தில் குணம் தேடி வந்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள். அவர்களின் தோல் எச்சரித்தது; கால்களை நாம் கட்டிவைத்திருந்தோம். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. நடக்க முடியாத முதியவர், படுக்கையில் உள்ள நோயாளி, தொட்டிலில் உள்ள குழந்தை ஆகியோர் இருக்கும் அறைக்குத் தீ எட்டினால் யார் தூக்கிவருவது என்று நம் ஒவ்வொரு வீட்டிலும் முன்பே பேசிவைத்திருக்கிறோமா?

உறங்கப்போகும் முன் வீட்டில் எரியும் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இன்றைக்கு அந்த ஸுன்னாவைப் பேணுவது, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவதையும், கொசுவர்த்திச் சுருளைத் திரைச்சீலையிலிருந்து தள்ளிவைப்பதையும், அடுக்களையில் நிற்கும்போது பருத்தி உடை அணிந்து துப்பட்டாவை இறுகச் செருகிக்கொள்வதையும் உள்ளடக்கும் என்றே கருதுகிறேன்.

அப்படியும் தீ பட்டுவிட்டால், வலிக்கும் இடத்தை நீரில் காட்டுங்கள். வலிக்காத இடத்தைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். அதைத்தான் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவ்வுலக நெருப்பின் தீங்கிலிருந்தும் மறுமை நெருப்பின் வேதனையிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. தீக்காயங்களோடு இவ்விரவைக் கழிக்கும் ஒவ்வொருவருக்கும் முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.