அப்புவின் பிரம்புக் கதிரை

அப்புவின் அந்தியேட்டி முடிந்த மறுவாரம், அவர் நெடுங்காலம் அமர்ந்திருந்த கதிரையின் இருக்கையைப் புதிதாகப் பின்னுவிக்க எண்ணினோம். பழைய பிரம்பு நடுவில் அறுந்து தொங்கியது. பின்ன வந்த முதியவர் இருவகைப் பொருள்களை எம்முன் வைத்தார்: ஒன்று பிளாஸ்ரிக் இழை, மற்றையது பிரம்பின் மேற்பட்டை.

பிளாஸ்ரிக் மலிவானது, ஈரத்துக்கு அஞ்சாது. ஆயினும் பாரந் தாங்கித் தாங்கித் தளர்ந்துவிடும். பிரம்போ பனையின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. சட்டத்துத் துளைகளின் அளவுக்கும் இடைவெளிக்கும் ஏற்ற அகலமுள்ள பட்டையைத் தெரிந்து, நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு பின்னுவர். உலரும்போது அது சுருங்கித் தானாகவே இறுகிக்கொள்ளும். மிதமிஞ்சி உலர்ந்தாலோ வெடிக்கும். ஆகவே இடையிடையே இருக்கையின் அடிப்புறத்தை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். மினுங்கும் மேற்புறம் நீரை எளிதில் உறிஞ்சாது.

"ஆர் தம்பி அதைப் பாக்கிறது? பிளாஸ்ரிக்கே போதும்" என்றார் அம்மா. நான் விடவில்லை. மரபு, நினைவு என்றெல்லாம் பேசிப் பிரம்பையே பின்னுவித்தேன். மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுவிட்டேன்.

தவணை விடுமுறையில் வீடு திரும்பியபோது இருக்கை தளராதிருந்தது. கதிரையின் கைப்பிடியில் துணியொன்று ஈரத்தோடு கிடந்தது. பிரம்பைத் தெரிவுசெய்தவன் நான். அதைப் பேணும் வேலையை அம்மாவின் தலையில் சுமத்தியவனும் நானே என்பது அப்போதுதான் உறைத்தது. மரபு பற்றி நாம் எழுதும் கட்டுரைகளிலும் இந்த ஈரத்துணி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

அந்த விடுமுறை முழுவதும் துணியை நானே நனைத்தேன்.