சிட்டி செய்ததும் வசீகரன் செய்ததும்

'எந்திரன்' படத்தில் விஞ்ஞானி வசீகரன் சிட்டி என்ற ரோபோவை உருவாக்குவது ராணுவத்துக்காக. சென்னைப் புறநகர் அண்ணனூர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயமில்லை. மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன் ஆவடி. 1960-களிலிருந்து அங்கே டேங்க் ஃபேக்டரி இருக்கிறது. போர் வாகனங்களை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வுக்கூடமும் அங்கேதான். 2017-ல் அது 'முந்த்ரா' என்ற ஆளில்லா வாகனத்தை வெளிக்காட்டியது. ஒரு கருவி செய்கிற காரியத்தில் அதைச் செய்தவனுக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி, ஷிப்ட் முடிந்து ரயிலேறுகிறவர்களோடு இந்த ஊருக்குள் வந்துபோகிறது.

2010-ல் வந்த படம் அந்தக் கேள்வியை நேராகத் தொட்டது. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி காப்பாற்றித் தூக்கி வருகிறது. சுற்றிலும் கேமராக்கள், கூட்டம். உடம்பில் துணியில்லை என்ற அவமானத்தில் ஓடுகிற அந்தப் பெண் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்று என்று சொல்லிக் கொடுத்தார்கள்; மானம் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இயக்குநர் ஷங்கரின் படங்களில் இத்தனை கனமான காட்சி அபூர்வம். வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவின் பங்கு உண்டு. படம் வெளிவரும் முன்பே, 2008-ல், அவர் மறைந்துவிட்டார்.

பிறகு சிட்டிக்கு உணர்ச்சி வருகிறது, வசீகரனின் காதலி சனா மீது காதல் வருகிறது. வசீகரன் அதைக் கோடாலியால் வெட்டிக் குப்பையில் போடுகிறார். இன்னொரு விஞ்ஞானியான போரா அதை எடுத்து, அழிக்கத் தூண்டும் சிவப்பு சிப்பைப் பொருத்துகிறார். கடைசியில் நீதிமன்றம் தண்டிப்பது சிட்டியை. தன் கையாலேயே அது தன்னைக் கழற்றிக்கொள்வதைப் பார்க்கும்போது, வெட்டியவரும் சிப் வைத்தவரும் மனிதர்கள்தானே என்று மனம் கேட்கிறது.

எட்டு வருஷம் கழித்து அதன் தொடர்ச்சியாக '2.0' வந்தது. இதில் நீதியுணர்வே இல்லை, கிராஃபிக்ஸ் மட்டும்தான் என்று ஒதுக்குவது நியாயமாகாது. வில்லன் பட்சிராஜனின் முன்கதை முதல் படத்தின் எந்தக் காட்சியைவிடவும் ஆழமானது. பறவைகளுக்காக மன்றாடித் தோற்ற கிழவர், செல்போன் கோபுரத்திலேயே தூக்குப் போட்டுக்கொள்கிறார். கோபுரக் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. செல்போன் நிறுவனங்களின் சங்கம் படத்தை எதிர்த்துத் தணிக்கை வாரியத்தில் புகாரும் கொடுத்தது. விஞ்ஞானம் ஆட்டம் காணலாம். ஆனாலும் நம் வசதிக்கு வேறொரு உயிர் விலை கொடுக்கிறதா என்று கேட்கும் அந்தக் கிழவரின் துக்கம் பொய்யில்லை.

கோளாறு அதற்குப் பிறகுதான். முதல் படத்தில் பாவமாக இருந்த சிவப்பு சிப், இதில் விசிலடிக்க வைக்கும் ஆயுதமாகிவிடுகிறது. கிளைமாக்ஸில் ஸ்டேடியம் நிறைந்த ஜனங்களைப் பட்சிராஜன் பிணையாக வைத்திருக்க, நாயகன் தரப்பின் குட்டி ரோபோக்கள் புறாக்களின் மேல் ஏறி வந்து, அந்தப் புறாக்களோடு தாங்களும் சாவோம் என்று மிரட்டுகின்றன. பட்சிராஜன் இறங்கி வருகிறார். யோசித்தால், அந்த நிமிஷத்தில் ஒரு பறவைகூடச் சாகக் கூடாது என்று நினைத்தது வில்லன் ஒருவர்தான். அவர் அன்பையே நாயகன் தரப்பு பிடியாக்கிக்கொண்டது. முடிவில் பட்சிராஜன் கேட்டதில் நியாயம் உண்டு என்று வசீகரன் பேசுகிறார். புறாக்களை முன்னே நிறுத்தியதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை. முதல் படத்தில் சிட்டிக்காவது ஒரு நீதிமன்றம் இருந்தது.