ரங்கூன் பத்து நாள் நடை

வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்தியவனைப் பற்றிக் கேட்கத்தான் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். 1872 பிப்ரவரியில் ஹோப்டவுன் துறையில் ஷேர் அலி கத்தியோடு பாய்ந்ததை நானும் பிறர் சொல்லித்தான் கேட்டேன். என் கண்ணால் கண்டது அதற்குப் பதினான்கு ஆண்டு முந்தியது. ஒரே நாளில் 86 பேரைத் தூக்கில் போட்டார்கள். அதை யாரும் கேட்பதில்லை.

நான் 14-ஆம் வங்காளக் காலாட்படைச் சிப்பாய். 1857 ஜூலையில் ஜீலத்தில் எங்கள் பட்டாளம் எழுந்தது, தோற்றது, சிதறியது. காஷ்மீருக்குள் ஓடியவர்களை அந்த ராஜாவே பிடித்துக் கொடுத்தார். தூக்குக்கும் பீரங்கிக்கும் தப்பி மிஞ்சியவர்களில் ஒரு பகுதியைக் கராச்சியில் ‘ரோமன் எம்பரர்’ கப்பலில் ஏற்றி, 1858 ஏப்ரல் தொடக்கத்தில் அந்தமானின் போர்ட் பிளேரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால், மார்ச் 10-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து ‘செமிராமிஸ்’ கப்பலில் முதல் 200 பேர் வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர். ஆக்ரா சிறையை ஆண்ட கை அது.

சிறை என்று கேட்டதும் மதிலைத் தேடினேன். மதிலே இல்லை. சாத்தம் தீவில் தண்ணீர் போதாமல் ராஸ் தீவைத் திருத்த ஆரம்பித்திருந்தார்கள். எங்களையும் அந்த வேலையில்தான் பூட்டினார்கள். காட்டை வெட்ட வேண்டும். கொடிகள் பின்னிக் கிடந்ததால் அடியோடு வெட்டிய மரம்கூடச் சாயாமல் அப்படியே நிற்கும். இருபத்தைந்து பேருக்கு ஒரு கைதியே தலைவன். எவன் ஓடினாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். காவலுக்கு வெள்ளைக்காரக் கப்பற்படை ஆட்கள் கொஞ்சம் பேர். அதற்கு மேல் எதற்கு? சுற்றிலும் கடல். எதிர்க்கரையில் காடு, காட்டுக்குள் வில்லோடு அந்தமான் மக்கள். அவர்கள் நிலத்தில் கோடரி விழுந்த நாளிலிருந்து எங்களில் எவனைக் கண்டாலும் அம்பு விட்டார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் ஓடினார்கள் என்றால், மூடர்கள் என்று தோன்றும். மூடர்கள் இல்லை. நாங்கள் வந்தது கப்பலின் அடித்தட்டில். எந்தத் திசையில் எத்தனை நாள் போனோம் என்று அங்கே கிடந்தவனால் சொல்ல முடியாது. கல்கத்தாக்காரர்களோ ஆறே நாளில் வந்து சேர்ந்தவர்கள். அப்படியானால் பெருநிலம் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கிழக்கே பர்மா. இந்தக் காடு பர்மாவோடு ஒட்டிய காடுதான், பத்து நாள் நடந்தால் ரங்கூன் என்று பேச்சு கிளம்பியது. ஆகா என்ற கைதி அதைச் சத்தியம் பண்ணிச் சொன்னான். பர்மா ராஜா பட்டாளத்தில் சேர்த்துக்கொள்வார், படை கொடுத்துத் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

என் கூடாரத்தில் இருந்த ஒருவனிடம் கேட்டேன்: “ரங்கூனை 52-லேயே கம்பெனி பிடித்துக்கொண்டதே. அந்தச் சண்டைக்குக் கடல் தாண்ட மாட்டோம் என்று 38-ஆம் பட்டாளம் முரண்டு பிடித்தது உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அண்ணா. ரங்கூனுக்கு அப்பால் ராஜா இருக்கிறார் இல்லையா?”

அவனோடு மேலே வாதாடவில்லை. என் கால் கோடரி வெட்டில் சீழ் பிடித்திருந்தது. நடக்க முடிந்திருந்தால் நானும் அவன் பின்னால் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 23. வெட்டிய மரங்களைக் கூடாரக் கயிற்றால் பிணைத்துத் தெப்பம் கட்டினார்கள். நாங்கள் நாள் முழுக்க வெட்டியது மரம், நாங்கள் படுத்தது கூடாரம்; துரைமார் கொடுத்த சாமான்களே தப்பிக்கும் சாமான்கள் ஆயின. ராஸிலிருந்து போனவர்களோடு சாத்தத்திலிருந்தும் பீனிக்ஸ் குடாவிலிருந்தும் ஆட்கள் எதிர்க்கரையில் சேர்ந்துகொண்டார்கள். எல்லாருமாக நூற்று முப்பது பேர் அளவில். எங்கள் பட்டாளத்துத் தூத்நாத் திவாரி, 276-ஆம் எண் கைதி, அவர்களில் ஒருவன்.

காட்டுக்குள் நடந்ததைத் திவாரி பிற்பாடு சொன்னதிலிருந்துதான் அறிந்தோம். எட்டு நாள் சோறு இல்லை. பதினான்கு நாள் அலைந்தும் ரங்கூன் வரவில்லை. தீவுக்கு முடிவு உண்டென்பதும் புரியவில்லை. பிறகு வில்லாளிகள் சூழ்ந்துகொண்டார்கள்.

அந்த வசந்தத்தில் ஓடியது இந்த ஒரு கூட்டம் மட்டுமல்ல. முதல் மூன்று மாதத்துக்குள் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இப்படிக் காட்டுக்குள் போனார்கள். பெரும்பாலோர் பசியிலும் அம்பிலும் முடிந்தார்கள். மிஞ்சியவர்கள் திரும்பி வந்தார்கள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. ‘பிடிபட்டார்கள்’ என்று பதிவேட்டில் எழுதினார்கள். அவர்களில் பலரைத் துரத்திப் போய் யாரும் பிடிக்கவில்லை. விலா எலும்பு தெரிய, முள் கிழித்த உடம்போடு, உண்ணி மொய்த்த தலையோடு, தாமே நடந்து வந்து கரையில் நின்றார்கள். சிலருக்கு அம்புக் காயம். ஓடிப்போன கைதிகள் என்று சொல்வதைவிடச் சோறு கேட்டு வந்தவர்கள் என்று சொல்வதுதான் சரி. என் கூடாரத்துக்காரன் அவர்களில் இல்லை. அவனைத் தேடித்தான் நொண்டிக்கொண்டு கரைக்குப் போனேன். அதனால்தான் அந்த முகங்களைப் பக்கத்தில் பார்க்க நேர்ந்தது.

அப்படித் திரும்பி வந்தவர்களில் 86 பேரை மே மாதத்தில் ஒரு நாள் வாக்கர் தூக்கிலிட்டார். எங்களை வேலைக்கு அனுப்பவில்லை. தூக்குமரத்துக்கான மரமும் நாங்கள் வெட்டியதே. ஒரு சிலரைத் தொங்கவிட்டு, இறக்கி, அடுத்த சிலரை ஏற்ற வேண்டியிருந்தது, பொழுது நீண்டது. முதலில் நின்றவர்கள் கோஷம் போட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு வந்தவர்களிடம் சத்தமே இல்லை. ஒருவன் தண்ணீர் கேட்டான், கொடுத்தார்கள்.

செய்தி கல்கத்தா போய், இனி இப்படித் தூக்கிலிடக் கூடாது என்று மேலிடம் வாக்கரைத் தடுத்தது. ஆனாலும் 1859 அக்டோபரில் காப்டன் ஹாட்டன் வரும்வரை அவரே எங்களை ஆண்டார். கைதிகளின் முன்கையில் பெயரையும் குற்றத்தையும் சூடு போட வேண்டும் என்றுகூட எழுதிக் கேட்டவர் அவர். அதற்கும் மேலிடம் இசையவில்லை.

எந்த ரங்கூனை நோக்கி நடந்தார்களோ, அந்த ஆண்டு முடிவதற்குள் அதே ரங்கூனுக்கு டில்லி பாதுஷா பகதூர் ஷாவைக் கைதியாகக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டோம். அன்று இரவு எங்கள் வரிசையில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திவாரி உயிரோடு இருந்தான். அம்பு பட்டுக் கிடந்தவனைத் தீவுக்காரர்கள் கொல்லாமல் சேர்த்துக்கொண்டு, பெண்ணும் கொடுத்திருந்தார்கள். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு திரிந்தான். 1859 மே மாதம் அவர்கள் எங்கள் குடியிருப்பான அபர்தீனைத் தாக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் முன்னால் ஓடிவந்து துரைக்குச் சொல்லிவிட்டான். வந்தவர்களைத் துப்பாக்கி காத்திருந்து வரவேற்றது. கர்ப்பிணி மனைவி லீப்பா காட்டிலேயே நின்றுபோனாள். 1860-இல் திவாரிக்கு மன்னிப்பு வந்தது; ஊருக்குக் கப்பலேறினான்.

அவனைத் துரோகி என்று எங்கள் வரிசையில் சொல்பவர்கள் உண்டு, கெட்டிக்காரன் என்பவர்களும் உண்டு. எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது. ஓடிய குற்றம் அவனுக்கும் அந்த 86 பேருக்கும் ஒன்றுதான். காட்டிலிருந்து தானாகத் திரும்பி வந்ததும் ஒன்றுதான். துரைக்குக் கொடுக்க அவனிடம் ஒரு செய்தி இருந்தது.