முப்பதும் முப்பத்து மூன்றும்

தேர்தல்களையும் சட்டமன்றங்களையும் ஆராயும் அரசியல் அறிவியலாளருக்குக் கணக்குப் போடுவதைவிட, யாரை எந்தக் கட்டத்தில் எண்ணுவது என்று முடிவு செய்வதே கடினம். புதுச்சேரியில் 2021இல் ஏறத்தாழ 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள் இருந்ததால், தொகுதிக்குச் சராசரியாக 33,000 பேரே இருந்தனர். வேட்பாளரைத் தெருவே பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குச் சிறிய இத்தொகுதிகளில் கட்சிச் சின்னமின்றியும் வெல்ல முடிகிறது.

2021இல் என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6, தி.மு.க. 6, காங்கிரஸ் 2 இடங்களைப் பிடிக்க, உழவர்கரை உள்ளிட்ட 6 தொகுதிகளில் சுயேச்சைகள் வென்றனர். கட்சிகளின் இடப்பங்குகளைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, அத்தொகையால் ஒன்றை வகுத்தால் கிடைப்பது, லாக்சோவும் டாகபேராவும் 1979இல் முன்வைத்த 'பயனுறு கட்சி எண்ணிக்கை'. சுயேச்சைகளைத் தனித்தனியாகக் கொண்டால் அது 4.9, அட்டவணையில் ஒரே வரியில் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு கட்சிபோல் கொண்டால் 4.2, விரைவிலேயே பா.ஜ.க.வை ஆதரித்த உழவர்கரைக்காரர் உள்ளிட்ட மூவரை அக்கட்சியோடு சேர்த்தால் 4.0. இவற்றுள் நடுவிலுள்ளது வெறும் சோம்பலின் விளைவு. முதலாவது தேர்தலுக்கும், கடைசியில் உள்ளது அவைக்கும் உரியவை.

அவைக்கு வந்தபின் 30 என்பதும் நிலைப்பதில்லை. 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசாங்கச் சட்டப்படி மத்திய அரசு மூவர் வரை நியமிக்கலாம். அவர்கள் வரவுசெலவுத் திட்டத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் எடை, முந்தைய அவையில் அரசு நம்பிக்கை வாக்குக் கோரிய 2021 பிப்ரவரி 22 அன்று தெரிந்தது. பதவி விலகல்களாலும் ஒரு தகுதி நீக்கத்தாலும் 26 ஆகச் சுருங்கியிருந்த அவையில், முதல்வர் நாராயணசாமி அரசின் பக்கம் பேரவைத் தலைவர் உட்பட 12 பேர். எதிர்ப்பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 11, நியமன உறுப்பினர் 3. பேரவைத் தலைவர் சமநிலை ஏற்பட்டால் மட்டுமே வாக்களிப்பார் என்பதால், நியமனம் இல்லாதிருந்தால் 11க்கு 11 என்றாகி, அவருடைய ஒற்றை வாக்கு அரசைக் காத்திருக்கக்கூடும். தேர்தல் முடிவுகளை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த 14 எங்கிருந்து வந்தது என்பதே விளங்காது. அவைக் குறிப்புகளைத் தேடுபவருக்கோ வேறொரு சிக்கல்: வாக்கெடுப்புக்கு முன்பே முதல்வர் வெளிநடப்புச் செய்துவிட்டதால், அந்த 14 பேரின் வாக்குகள் எண்ணப்படவே இல்லை.