திரையில் கண்ட உடுக்கை

மாமல்லையின் பெரும்பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றைக் காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவமிருக்கும் மெலிந்த உருவம் ஒன்று. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பல்லவர் காலத்துச் சிற்பியின் உளிக்கு அத்துணைக் கூர்மை! பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதனைக் காட்டிக் கலைச்சிறப்பைப் பேசியிருக்கிறோம், பலமுறை. அதே எலும்புகளை நான்கு வயதுக் குழந்தையின் மார்பிலே எண்ண நேரும் என்று ஒருநாளும் கருதியதில்லை.

குழந்தை, நம் அக்காள் மகள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து விடுமுறைக்கென்று செங்கற்பட்டிலுள்ள நம் இல்லத்துக்கு வந்தவள். குளியலறை கழுவ வாங்கிய அமிலத்தைப் பழைய குளிர்பானப் புட்டியிலே ஊற்றி வைத்திருந்தோம். வைத்தவர் வேறு எவருமல்லர் — நாமேதான். பகலிலே பள்ளியில் பகுத்தறிவு, மாலையிலே மன்றத்தில் பகுத்தறிவு. வீட்டு மூலையிலே மட்டும் அதற்கு விடுமுறை! நிறம் கண்டாள் குழந்தை; பானமென்று நினைத்தாள்; ஒரு மிடறு விழுங்கினாள். அலறல் கேட்டு ஓடினோம்.

ஓடிச் சென்று செய்தது அதனினும் பெரும் பிழை. உப்பு நீரைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைத்தோம். இறங்கும்போது ஒருமுறை சுட்ட அமிலம், ஏறும்போது மறுமுறை சுட்டது! அம்மா செய்ததோ, அம்மன் கோயில் திருநீற்றை நெற்றியிலே பூசியது மட்டும். நாள்தோறும் நாம் எள்ளி நகையாடிய அத்திருநீறு அன்று ஒரு தீங்கும் செய்யவில்லை. தீங்கு செய்தது நமது அரைகுறை அறிவு. தோழர்களிடம் இதனை மறைத்து எழுத மனம் ஒப்பவில்லை.

மருத்துவமனையிலே உயிர் பிழைத்தாள். வாரங்கள் சில சென்றன. சோறு இறங்கவில்லை என்றாள். பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. பிறகு தன் உமிழ்நீரையே துப்பத் தொடங்கினாள். வெந்த உணவுக்குழாய் ஆறும்போது தழும்பாகிறது; தழும்பு சுருங்குகிறது; வழி அடைபடுகிறது. காரணம் இவ்வளவுதான். ஆனால் உறவினர் கூடினர். கண்ணேறு என்றார் ஒருவர்; காற்று சேட்டை என்றார் மற்றொருவர். பூசாரி வந்தமர்ந்தார், உடுக்கையுடன். குறி கேட்டு முடியட்டும் என்றனர். முன்னர் தீங்கற்றிருந்த திருநீறு, இம்முறை நாட்களைத் தின்றது — ஒன்றல்ல, நான்கு நாட்கள்! தடுக்க வேண்டிய நாமோ, குற்றம் புரிந்தவர் என்ற கூச்சத்தால் வாய்மூடி நின்றோம். அக்காள்தான் எழுந்தாள். "தம்பி, மேடையிலே பேசுகிறாயே, இங்கே ஏன் பேசவில்லை? வண்டியைக் கூப்பிடு" என்றாள்.

சென்னை, அரசு மருத்துவமனை ஒன்று. பேரியம் கலந்த வெண்குழம்பை மெல்லப் பருகச் செய்து எக்ஸ்ரே எடுத்தனர். அகன்று இறங்கிய வெண்மை, நடுமார்பிலே நூலிழையாகிப் போயிற்று. அந்த நூலிழைதான் குழந்தைக்கு எஞ்சியிருந்த வழி.

"எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தால் ஒரு சிறு துளை தெரியும், சார். துளைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அது சொல்லாது" என்றார் மருத்துவ அம்மையார். குருட்டுத்தனமாகக் கம்பியைத் தள்ளினால் மடங்கும். குழாய்ச் சுவரைத் துளைத்தாலும் துளைக்கும். துளைத்தால் நெஞ்சறைக்குள் சீழ். அதன்பின் உயிருக்கே இடர். எனவே கண்கள் இரண்டு வேண்டும் — உள்ளிருந்து நோக்கும் கண் ஒன்று, வெளியிருந்து ஊடுருவும் கண் மற்றொன்று.

இந்த இரு கண்களையும் எந்தத் தெய்வமும் அருளவில்லை. 1674இல் தாமஸ் வில்லிஸ் எனும் ஆங்கில மருத்துவர், விழுங்க இயலாத ஒருவருக்குத் திமிங்கில எலும்பின் நுனியிலே பஞ்சு கட்டி உணவைத் தள்ளிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். பார்க்க வழியேது? 1868இல் ஜெர்மானியர் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டையிலே நேர்குழாயைச் செலுத்திப் பார்த்தார். தெருவிலே வித்தை காட்டியவன் மருத்துவத்துக்கு வழிகாட்டினான்! 1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டே அமெரிக்க மாணவர் வால்டர் கேனன், வாத்தின் கழுத்திலே உணவு இறங்குவதைக் கதிரின் துணையால் கண்டார். விலையும் கொடுக்க நேர்ந்தது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிரால் கைகளை இழந்து 1904இல் மாண்டார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலே பர்னார்டு கதிரியக்க நிலையம் எழுந்தது 1934இல்.

அன்று ஈயக் கண்ணாடிக்கு அப்பால் நிற்க நம்மை அனுமதித்தனர். குழந்தை மயக்கத்தில். மருத்துவர்கள் ஈயக் கவசம் பூண்டிருந்தனர். மிதியை அழுத்தும் சில நொடிகள் மட்டும் திரை ஒளிர்ந்தது. குழந்தை உடலுக்குக் கதிர் மிகாதிருக்க அந்தச் சிக்கனம். மென்மையான நுனி கொண்ட கம்பி துளையினுள் நுழைந்தது, திரையிலே கருங்கோடாய் இறங்கிற்று, நின்றது, சற்றே பின்வாங்கி மீண்டும் இறங்கி, இரைப்பையின் நிழலிலே சுருண்டது. "சரி" என்றார் அம்மையார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூச்சை அடக்கி நின்றோம்.

கம்பியின்மீது சுருங்கிய பலூன் சென்றது. கதிருக்குத் தெரியும் நீர்மத்தை நிரப்பினர். பலூன் மேலும் கீழும் பருத்தது. தழும்பு இறுக்கிய நடுவிடம் மட்டும் ஒடுங்கி நின்றது. உடுக்கை! வீட்டிலே பூசாரி அடித்த அதே வடிவம் திரையிலே தொங்கிற்று. அழுத்தம் ஏறிற்று, அளவோடு, கருவியின் முள்ளைப் பார்த்தபடி. உடுக்கையின் இடை மெல்ல, மெல்லப் பருத்தது. இன்னும் சற்று விரித்தால் என்ன என்று நமக்குத் தோன்றிற்று, அவர்கள் நிறுத்திவிட்டனர். ஒரே நாளில் பேராசை கூடாதாம், சுவர் கிழியும். பின்னர் கிழிசல் இல்லையென்று சரிபார்த்தனர்.

வீடு திரும்பும்போது எண்ணம் ஒன்றே. செவாலியர் ஜாக்சன் எனும் அமெரிக்க மருத்துவர், காரம் குடித்துக் குழாய் சுருங்கிய குழந்தைகளுக்கு மருத்துவம் செய்ததோடு நில்லாமல், நச்சுப் புட்டிகளின்மீது எச்சரிக்கைச் சீட்டு வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடினார், 1927இல் சட்டமாயிற்று. நம் அமிலப் புட்டியிலும் எச்சரிக்கை இருந்தது. அதைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, வேறு புட்டிக்கு மாற்றி, எச்சரிக்கையைக் குப்பையிலே எறிந்தவர் நாம்!

தழும்பு மீண்டும் சுருங்கும்; மீண்டும் விரிக்க வேண்டும். இதுவரை ஆறுமுறை ஆயிற்று. சென்ற வாரம் அரை இட்லியை மென்று விழுங்கினாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திருநீற்றுக்கு நன்றி கூறினார், நாம் வாதிடவில்லை. "மாமா, முறுக்கு எப்போது?" என்கிறாள் குழந்தை. முறுக்குக்கு இன்னும் நாளாகும் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த முறை வரும் செவ்வாயன்று. செங்கற்பட்டிலிருந்து முதல் ரயிலிலே புறப்பட வேண்டும்.