இரண்டு எஜமானர்களின் சேவகன்

தம்பானூரில் திருநெல்வேலிப் பக்கம் போகும் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் வரிசையாக வெளியே ஓடும். குழித்துறைக்குப் பக்கத்தில் நட்டாலம், அவர் பிறந்த ஊர். இரணியல் வட்டாரத்தில் பத்மநாபபுரமும் உதயகிரிக் கோட்டையும், அவர் உத்தியோகம் பார்த்த இடம். நாகர்கோவிலில் கோட்டாறு, அவர் கல்லறை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அவர் உயிர் போனது. கணவாய்க்கு அப்பால், வள்ளியூர்ப் பக்கம், வடக்கன்குளம். அங்கேதான் அவர் பெயர் மாறியது.

பிறந்தபோது நீலகண்டன். மாறிய பெயர் தேவசகாயம். 1712ல் பிறந்து, 1745ல் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இந்தத் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரிக்கு 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். குருவானவராகவோ துறவியாகவோ இல்லாத ஓர் இந்தியர் புனிதரானது அதுவே முதல் முறை. திருச்சபைக்கு அது பெருமை. ஆனால் அந்த வாழ்க்கை எழுப்பும் கேள்வி எந்தச் சபைக்குள்ளும் அடங்குவதில்லை. ஓர் அரசு அதிகாரி மதம் மாறினால் மறுநாள் காலை வேலைக்கு எப்படிப் போவார்?

மிகப் பழைய கேள்வி இது. பைபிளில் செசரியா நகரத்து ரோமானிய நூற்றுவர் தலைவர் கொர்னேலியு வீட்டோடு ஞானஸ்நானம் பெறுகிறார். சைப்ரஸ் தீவின் ஆளுநர் செர்கியு பவுலும் விசுவாசம் கொள்கிறார். அதற்குப் பிறகு இருவரும் என்ன ஆனார்கள்? புத்தகம் சொல்வதில்லை. பட்டாளத்திலும் கச்சேரியிலும் ரோமானியக் கடவுள்களுக்குப் பலி செலுத்தும் நேரத்தில் அவர்கள் எங்கே நின்றார்கள் என்பது நம் ஊகத்துக்கு விடப்பட்டிருக்கிறது. கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ரோமானிய ஆளுநர், கிறிஸ்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு வைத்த பரீட்சை எளிமையானது: சக்கரவர்த்தியின் சிலை முன்னால் தூபமும் திராட்சை மதுவும் வை, பிழைத்துப் போ. மனதுக்குள் யாரைக் கும்பிடுகிறாய் என்று அரசு கேட்கவில்லை. அது பார்த்ததெல்லாம் கை எங்கே நீள்கிறது என்பதைத்தான்.

நீலகண்டன் சேவகம் செய்த அரசும் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1729ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கி, சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, வேணாட்டைத் திருவிதாங்கூராக்கியவர். 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். ராஜா அவரைக் கொல்லவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார். டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து ‘வலிய கப்பித்தான்’ ஆனார். 1777ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். லத்தீனிலும் தமிழிலும் பொறித்த கல்லோடு அந்தக் கல்லறை இன்றும் இருக்கிறது.

அந்தக் கிறிஸ்தவத் தளபதிதான் நீலகண்டனின் நண்பர். மாடுகள் செத்து, விளைச்சல் பொய்த்து, வீட்டில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை இழக்காதவனின் கதை. ‘கடவுள் உதவினார்’ என்று பொருள்படும் லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆனது. ஞானஸ்நானத்துக்காக அவர் ஆரல்வாய்மொழியைத் தாண்டி, திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே இருந்த யேசு சபைக் குரு புத்தாரி தண்ணீர் ஊற்றினார். மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் ஞானப்பூ ஆனார்.

எல்லையைத் தாண்டிப் போனதைவிடத் திரும்பி வந்ததுதான் கடினமாக இருந்திருக்க வேண்டும். அன்றைய திருவிதாங்கூரில் ஒருவர் இன்னொருவரை எத்தனை அடி தூரத்தில் நெருங்கலாம் என்பதற்கே கணக்கு இருந்தது. நாயர் குலத்து அரண்மனை அதிகாரி அந்தக் கணக்கின் காவலர்களில் ஒருவர். தேவசகாயம் அதை மீறினார். தாழ்ந்தவர்கள் என்று தள்ளி வைக்கப்பட்டவர்களோடு பழகினார், சேர்ந்து உண்டார், எல்லோரும் சமம் என்று பேசினார். கொர்னேலியு விஷயத்திலும் முதல் புகார் இதுதான். விருத்தசேதனம் செய்யாதவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களோடு சாப்பிட்டாயே என்றுதான் எருசலேமில் பேதுருவைக் கேட்டார்கள். புதிய கடவுளைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். புதிய பந்தி வரிசையைப் பொறுப்பது கஷ்டம்.

1749ல் கைது. விசாரணை, அடி, உதை. அதற்கு நடுவே, 1750 ஜனவரியில், தம்பானூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலில் வேறொன்று நடந்தது. மார்த்தாண்ட வர்மா தன் உடைவாளைக் கடவுளின் முன் வைத்து ராஜ்யத்தையே பத்மநாபனுக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அன்று முதல் திருவிதாங்கூர் ராஜாக்கள் பத்மநாபதாசர்கள், பத்மநாபனின் அடியார்கள். நாடு கடவுளின் சொத்து. ராஜாவே சேவகன் என்றால், அதிகாரிகள் அந்தச் சேவகனின் சேவகர்கள். சிறையிலிருந்த தேவசகாயத்துக்கு அந்தச் செய்தி எட்டியதோ என்னவோ, அவருடைய பழைய உத்தியோகத்தின் அர்த்தம் அன்றைக்கு மாறிவிட்டது. கடவுளை விட்டுப் போகிறவன் இனி அரசை விட்டும் போகிறவன்.

கிறிஸ்தவத் தளபதியைப் பக்கத்தில் வைத்திருந்த ராஜா, கிறிஸ்தவனாக மாறிய அதிகாரியை ஏன் கொல்ல வேண்டும்? மதத்துக்காகக் கொல்லப்பட்டார் என்பதை மறுக்கும் வரலாற்றாசிரியர்கள் இந்தக் கேள்வியைத்தான் முன்வைக்கிறார்கள். ராஜத் துரோகம் போன்ற வேறு காரணம் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ரோமிலும் இதே குழப்பம் உண்டு. கி.பி. 95ல் கான்சலாக இருந்த பிளேவியஸ் கிளமென்ஸைச் சக்கரவர்த்தி டொமீஷியன் கொன்றார். அவர் சக்கரவர்த்தியின் சொந்தக்காரர். வரலாற்றாசிரியர் டியோ எழுதி வைத்திருக்கும் குற்றச்சாட்டு, நாத்திகம். அரசின் தெய்வங்களை விட்டவன் நாத்திகன். அவன் வேறு எந்தத் தெய்வத்திடம் போனான் என்பது அரசுக்கு முக்கியமில்லை. பிற்காலக் கிறிஸ்தவர்கள் கிளமென்ஸைத் தங்களவர் என்றார்கள். அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

ஆனால் டிலனாயைக் காட்டித் தேவசகாயத்தின் கதையை மறுப்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிலனாய் வெளியிலிருந்து வந்தவர். சாதி அடுக்கில் அவருக்கு இடமே கிடையாது. அதனால் அவர் எதையும் கலைக்கவில்லை. அவர் கோட்டைக்குள் தன் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு பீரங்கி வார்த்துக் கொடுத்தால் போதும். நீலகண்டன் உள்ளே பிறந்தவர். அடுக்கின் மேல்தட்டிலிருந்து ஒரு கல் தானாகக் கழன்று கீழே போய் உட்கார்ந்தால், மற்ற கற்களுக்கும் யோசனை வந்துவிடும். மதத் துரோகம், ராஜத் துரோகம் என்று நாம் இன்று இரண்டாகப் பிரிப்பதை 1750ன் திருவிதாங்கூர் பிரித்துப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்.

அவர் பட்ட பாடுகளைக் குமரி மாவட்டம் இன்னும் இடம் இடமாகச் சொல்கிறது. எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்களாம். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப் போட்டார்களாம். புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் முழங்கையால் பாறையை இடித்ததும் தண்ணீர் சுரந்ததாம். கடைசியில் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை, குண்டுகள், காட்டில் வீசப்பட்ட உடல். எஞ்சியதைப் பொறுக்கிக்கொண்டு வந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் புதைத்தார்கள். புதுப் பெயர் கொடுத்த எல்லையிலேயே, அந்தப் பெயர் வந்து ஏழே வருடத்தில், முடிந்துவிட்டது வாழ்க்கை.

செத்த பிறகும் பரீட்சை முடியவில்லை. இம்முறை எழுத வேண்டியது திருச்சபை. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 19ம் நூற்றாண்டில் எழுந்த கோயில், சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள் கொண்டது. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போலிருக்கும் என்று கேலி செய்வார்கள். நடுவிலிருந்த தடுப்பு 1910ல் இடிக்கப்பட்டபோது மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். தேவசகாயம் எந்தப் பந்தி வரிசையைக் கலைத்தாரோ அது பலிபீடத்துக்கு முன்னாலேயே திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. 2012ல் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோதும் பெயரோடு ‘பிள்ளை’ ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்சேபங்கள் எழுந்தன. புனிதர் பட்டத்தின்போது வாடிகன் அந்த வாலை விட்டுவிட்டது. உயிரோடு இருந்தபோது அவர் உதறியதைச் சபை உதற 270 வருடம் ஆயிற்று.

அரசு மட்டும் மாறிவிட்டதா? திருவிதாங்கூர் போய்விட்டது, மனசாட்சிச் சுதந்திரத்தை அரசியல் சட்டம் 25வது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. இன்று மதம் மாறும் அதிகாரியைக் காற்றாடிமலைக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். ஆனால் 1950ல் வந்த தாழ்த்தப்பட்ட சாதிகள் ஆணை, இந்துவாக இருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம் என்றது. 1956ல் சீக்கியர்களும் 1990ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகும் தலித் இன்றும் வெளியே. ஒதுக்கீட்டில் அரசு வேலை வேண்டும் என்பதற்காக மட்டும் மீண்டும் இந்து என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதற்கு நியாயம் சொல்பவர்களும் உண்டு, அநியாயம் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், கடவுளா உத்தியோகமா என்ற கேள்வி ஒழிந்துவிடவில்லை. அன்று அதை மேல்தட்டில் இருந்த ஓர் அதிகாரி சந்தித்தார். இன்று சந்திப்பவர்கள், அவர் யாரோடு சேர்ந்து உண்டாரோ அவர்களுடைய வாரிசுகள்.